மடிக்காத இலை

பாண்டிச்செல்விக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் என்ன சமைத்துப் போட்டாலும் பாராட்டாமல் கை கழுவ மாட்டாள். அதுவும் சும்மா பாராட்ட மாட்டாள், சமைத்தவர்கள் எப்படிப் பேசுவார்களோ அப்படியே பேசிக் காட்டிப் பாராட்டுவாள். கேன்டீனில் பரிமாறும் சேலத்துக்காரரிடம் சேலத்துப் பேச்சு. பக்கத்து வீட்டில் குடியிருந்த ஜாஸ்மின் வைக்கும் மீன் குழம்புக்கு நாகர்கோவில் பேச்சு. கேட்டவர்கள் சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி ஊற்றுவார்கள். எனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. நன்றாக இருந்தால் பேசாமல் சாப்பிடுவேன், இல்லாவிட்டால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். அதனால் எனக்கு இரண்டாவது கரண்டி வந்ததில்லை. அது போகட்டும்.

நாங்கள் இருவரும் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஒரே லைனில் வேலை செய்தோம். அவளுக்கு விளாத்திகுளம் பக்கம், எனக்குச் சங்கரன்கோவில். பிள்ளைப்பாக்கத்தில் தாண்டவராயன் அண்ணன் வீட்டு மாடியில் ஒரு அறை வாடகைக்கு எடுத்திருந்தோம். கீழே அண்ணனும் அவர் மனைவி சின்னப்பொண்ணு அக்காவும் மட்டும்தான். அவர்களுடைய ஒரே மகள் கவிப்பிரியா, கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த சமயத்தில் காய்ச்சல் வந்து இறந்துபோனவள். நாங்கள் குடிவருவதற்கு முன்பே நடந்தது அது. கூடத்தில் மாலை போட்ட படத்தில்தான் அவளைப் பார்த்திருக்கிறோம். ஏதோ சொல்ல வாயெடுத்த நேரத்தில் எடுத்த படம்.

பொங்கலுக்குக் கம்பெனியில் விட்ட ஒரு நாள் லீவில் எங்கள் ஊருக்குப் போனால் பஸ் ஸ்டாண்டிலிருந்தே திரும்ப வேண்டியதுதான். சரி, தூங்கலாம் என்று இருந்தோம். பண்டிகை நாளில் பொம்பளைப் பிள்ளைகள் பிரெட்டைத் தின்றுகொண்டு கிடக்க வேண்டாம், மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பிடுங்கள் என்று அக்கா முதல் நாளே சொல்லிவிட்டாள்.

அக்கா ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொன்னாள், என்னிடம். பாண்டிச்செல்வி அப்போது நைட் ஷிப்டில் இருந்தாள். இந்தப் பக்கத்து வீடுகளில், கன்னியாகவோ சுமங்கலியாகவோ இறந்துபோன பெண்ணைப் பூவாடைக்காரி என்று கும்பிடுகிறார்கள். பண்டிகையன்று நடுவீட்டில் புதுத் துணியும் பூவும் வைத்து, அவளுக்குப் பிடித்ததைச் சமைத்து இலை போட்டுப் பரிமாறிவிட்டு, எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட வேண்டும். அவள் வந்து சாப்பிட்டுப் போகும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. சமைக்கிறபோது உப்புக்கூட வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. எங்கள் ஊரிலும் கன்னிக்குக் கும்பிடுவார்கள், ஆனால் இப்படிக் கதவைச் சாத்திவிட்டுக் காத்துக்கிடப்பதை நான் பார்த்ததில்லை.

பொங்கலன்று காலையில் வேலை முடிந்து வந்த பாண்டிச்செல்வி படுத்துத் தூங்கிவிட்டாள். எழுந்ததும் குளித்துவிட்டு வந்து சேர் என்று சொல்லிவிட்டு நான் கீழே போனேன். படையல் விஷயத்தைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

அக்கா மொச்சையும் கத்திரிக்காயும் போட்டுப் புளிக்குழம்பு வைத்திருந்தாள். கவிப்பிரியாவுக்கு அதுதான் உயிர் என்றாள். இலையில் சோறு, குழம்பு, வள்ளிக்கிழங்கு, வடை. பக்கத்தில் பச்சைப் பாவாடையும் தாவணியும். விளக்கை ஏற்றினார்கள். அண்ணனும் அக்காவும் நானும் தெருப்பக்கம் வந்து கதவைச் சாத்தினோம். நல்ல வெயில். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பசி.

அப்போது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"யம்மா, கொயம்பு ஷோக்கா கீது. உப்புதான் கொஞ்சம் தூக்கல்."

எனக்குத் தெரிந்துவிட்டது. பின்பக்கப் படிக்கட்டு வழியாக இறங்கிய தடிச்சி சமையலறை வழியாக நடுவீட்டுக்கு வந்து, இலையைப் பார்த்து, தனக்குத்தான் என்று உட்கார்ந்துவிட்டாள். வழக்கம்போலப் பாராட்டியும் தொலைத்துவிட்டாள், அக்காவின் பேச்சிலேயே. வெட்கத்தில் எனக்கு உடம்பு கூசியது. என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று யோசிப்பதற்குள் அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

ஈரத்தலையோடு விளக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள் பாண்டிச்செல்வி. அக்காவின் முகத்தைக் கண்டதும் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று புரிந்து எழுந்திருக்கப் பார்த்தாள். அக்கா அவள் தோளைப் பிடித்து அழுத்தினாள்.

"எயுந்திரிக்காத. இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா, கண்ணு?"

"ஊத்தும்மா," என்றாள் அவள்.

அக்கா ஊற்றினாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள். சாப்பிட்டு முடித்ததும் பாண்டிச்செல்வி இலையை மடிக்கக் கையைக் கொண்டுபோனாள். அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மடிக்க வேண்டாம், நானே எடுத்துக்கொள்கிறேன் என்று விரித்தபடியே இரு கையாலும் இலையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

பிறகு எனக்கும் சோறு போட்டார்கள். குழம்பை வாயில் வைத்தேன். உப்பு தூக்கல் இல்லை, குறைச்சல். நன்றாகவே குறைச்சல். பாண்டிச்செல்வியின் நாக்கு இந்த விஷயத்தில் தப்புப் பண்ணியதே கிடையாது. அண்ணனை நிமிர்ந்து பார்த்தேன். அவர் சாப்பிடாமல் பிசைந்துகொண்டே இருந்தார்.

"எங்க கவி அப்படித்தாம்மா சொல்லும்," என்றார் மெதுவாக. "உப்பே போடாட்டியும் தூக்கல்னு சொல்லும். அவங்கம்மாவ வெறுப்பேத்தறதுக்கு."

மாடிக்கு வந்ததும் பாண்டிச்செல்வியைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். செத்த பிள்ளைக்கு வைத்த இலை அது, கண் எங்கே போயிற்று என்று கேட்டேன். அவள் முகம் வெளுத்துப்போனது.

"நானா உக்காரலட்டி. உள்ள ஒரு பிள்ள நின்னுச்சு. 'குந்துக்கா, துன்னு'ன்னு சொல்லிச்சு. சொந்தக்காரப் பிள்ளன்னு நெனச்சேன்."

"எந்தப் பிள்ள?"

"பச்சப் பாவாட கெட்டியிருந்துச்சு."

வீட்டில் இருந்த மூன்று பேரும் தெருவில் நின்றோம். பாவாடையை மடித்து வைத்திருந்ததைப் பார்த்துவிட்டுத் தூக்கக் கலக்கத்தில் உளறுகிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருந்தாலும் அதற்குமேல் அதைப் பற்றிக் கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

மறுநாளிலிருந்து மாடிக்குக் குழம்பு வர ஆரம்பித்தது. அக்கா கிண்ணத்தை என்னிடம் தரமாட்டாள், பாண்டிச்செல்வி கையில்தான் கொடுப்பாள், அவள் வாயில் வைக்கிறவரை நிற்பாள். ஷோக்கா கீது என்று அவள் சொன்னதும் இறங்கிப் போவாள். கத்திரிக்காய் தின்றால் பாண்டிச்செல்விக்கு உடம்பெல்லாம் தடித்துப்போகும், நானே மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இப்போது ஒரு தடிப்பும் இல்லை.

கம்பெனி பஸ்ஸிலும் அவள் இந்த ஊர்ப் பேச்சே பேசினாள். எல்லாரும் ரசித்தார்கள். சூப்பர்வைசர் கனிஷ்கா மேடம்கூட மெட்ராஸ் பேச்சு பிரமாதம் என்று சிரித்தாள். நானும் முதலில் சிரித்தேன். பிறகு எரிச்சல் வந்தது. போதும், நிறுத்துடி என்றேன்.

"இன்னாத்த நிறுத்தணும்?" என்று கேட்டாள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை.

அந்த வாரம் அவளுடைய அம்மா உலகம்மாள் ஊர்க்காரர் ஒருவரிடம் ஒரு டப்பா கொடுத்து அனுப்பியிருந்தாள். பொருவிளங்காய் உருண்டை. பல்லு உடைகிற மாதிரி இருக்கும், ஆனால் கருப்பட்டியும் சுக்கும் வாயில் ஊறும்போது ஒரு சுகம். ஒவ்வொரு பண்டிகைக்கும் இந்த டப்பா வரும். பாண்டிச்செல்வி அதை அறை முழுக்கச் சுற்றிக் காட்டி, எங்கம்மா கை, எங்கம்மா கை என்று பீற்றிக்கொண்ட பிறகுதான் எனக்கு ஒன்று தருவாள். இந்தத் தடவை ஒன்றைக் கடித்தாள், சிறிது நேரம் மென்றாள், கையில் துப்பினாள்.

"மண்ணு மாதிரி கீது," என்றாள். "யார் குடுத்தது?"

டப்பாவைப் பிடுங்கி நான் ஒன்றைத் தின்று பார்த்தேன். அதே கருப்பட்டி, அதே சுக்கு. உண்மையைச் சொன்னால் எனக்கு அழுகை வந்துவிட்டது. விளையாட்டாக ஒருவர் வீட்டுப் பேச்சை நாக்கில் போட்டுக்கொண்டாள், இப்போது அது அவள் நாக்கையே வைத்துக்கொண்டது. பேச்சும் போயிற்று, ருசியும் போயிற்று. அடுத்து என்ன போகும் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

நேரே கீழே இறங்கிப் போய் அக்காவிடம் கேட்டேன். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. நான் என்ன பண்ணினேன், பசித்த பிள்ளைக்குச் சோறு போடுகிறேன் என்றாள். அவள் உங்கள் மகள் இல்லை அக்கா என்றேன். துருவுவது நின்றது.

"அவ வந்துகீறா, கனகா. வந்தவள நான் எப்பிடிப் போன்னு சொல்வேன்?"

வெளியே வந்து உலகம்மாளுக்குப் போன் செய்தேன். உங்கள் மகளுக்கு உடம்பு சரியில்லை, புறப்பட்டு வாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டில் இறங்கிய உலகம்மாளை நான்தான் போய் அழைத்துவந்தேன். குள்ளமான, சுறுசுறுப்பான மனுஷி. அறைக்கு வந்ததும் மகளைக் காணோமே என்றுகூடக் கேட்கவில்லை, அடுப்பு எங்கே என்று கேட்டாள். மகள் ஷிப்டு முடிந்து வருவதற்குள் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் ஆக்கிவிட்டாள். வயசுக்கு வந்த நாளிலிருந்து பாண்டிச்செல்விக்கு அதைவிடப் பிடித்த சோறு கிடையாது. போன வருஷம் ஊரிலிருந்து கொண்டுவந்தபோது எனக்குத் தராமல் ஒளித்துவைத்துத் தின்றவள்.

பாண்டிச்செல்வி வந்தாள். செருப்பைக் கழற்றினாள். உலகம்மாளைப் பார்த்து வாங்கம்மா என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுக் கைகால் கழுவப் போனாள். வந்து உட்கார்ந்து சாப்பிட்டாள். உலகம்மாள் தட்டைப் பார்க்கவில்லை, மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சோறு நல்லாக் கீதும்மா," என்றாள் பாண்டிச்செல்வி. பிறகு என்னிடம் திரும்பி, "உங்கம்மா எப்ப வந்தாங்க, கனகா?" என்று கேட்டாள்.

உலகம்மாள் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. அவள் அழவில்லை, கத்தவில்லை. சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே குழாயடிக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். தண்ணீரைத் திறந்துவிட்டுவிட்டு, நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லச் சொன்னாள். சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எலைய எந்தப் பக்கம் மடிச்சா?"

நல்ல காரியத்துச் சாப்பாடு என்றால் இலையைத் தன் பக்கமாக மடிக்க வேண்டும், உறவு வளரட்டும் என்று. துக்கத்துச் சாப்பாடு என்றால் எதிர்ப்பக்கமாகத் தள்ளி மடிக்க வேண்டும், இது இத்தோடு போகட்டும் என்று. இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். மடிக்கவே இல்லையம்மா, அந்த அக்கா மடிக்கவிடவில்லை என்றேன்.

"அப்ப எம்மவ இன்னும் அந்த எலைக்கு முன்னாலதான் உக்காந்திருக்கா," என்றாள் உலகம்மாள்.

சண்டை நடக்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டுதான் அவளோடு கீழே போனேன். சண்டைக்கு நானும் தயாராக இருந்தேன். ஆனால் உலகம்மாள் போய்ச் சமையலறை வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எனக்கும் கொஞ்சம் சோறு போடுங்கள் அக்கா என்று கேட்டாள். சின்னப்பொண்ணு அக்கா திகைத்துப் போய்ப் போட்டாள். அன்றைக்கும் அதே மொச்சைக் குழம்புதான். உலகம்மாள் அவசரப்படாமல் சாப்பிட்டாள். ஒரு பருக்கை விடவில்லை.

"நல்ல கைக்கா ஒங்களுக்கு," என்றாள். "இந்தக் கையில தின்ன பிள்ளைக்கு விட்டுட்டுப் போக மனசு வராதுதான்."

அக்கா சுவரில் சாய்ந்து நின்றாள். உலகம்மாள் குரலை உயர்த்தவே இல்லை. வருகிற தை அமாவாசைக்கு நீங்களே சமையுங்கள், அந்தப் பிள்ளைக்கு என்னென்ன பிடிக்குமோ எல்லாம் செய்யுங்கள், என் மகளையே உட்காரவைத்து வயிறு நிறையப் போடுங்கள், கடைசியில் இலையை மட்டும் அவளை மடிக்கவிடுங்கள் என்றாள்.

"எம்மவ என்னைய யாருன்னு கேக்காக்கா."

"உன் பொண்ணு உசுரோடவாவது கீது," என்றாள் அக்கா. அவ்வளவுதான் சொன்னாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அண்ணன் கூடத்தில் படத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். நாங்கள் கடந்து போனபோது தலை தூக்கவில்லை.

அமாவாசைவரை உலகம்மாள் எங்கள் அறையில் இருந்தாள். பாண்டிச்செல்வி அவளை உங்கம்மா, உங்கம்மா என்றே என்னிடம் பேசினாள். நல்லவங்க, சோறு நல்லா ஆக்குறாங்க என்றாள். ஒவ்வொரு தடவையும் உலகம்மாள் சிரித்துத் தலையாட்டிவிட்டு, பிறகு படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொள்வாள். அந்த நாட்களில் எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

அமாவாசையன்று காலையில் கீழே இருந்து கடுகு தாளிக்கிற வாசனை வந்தது. பிறகு புளி கொதிக்கிற வாசனை. உலகம்மாள் எழுந்து மகளுக்குத் தலை வாரிவிட்டாள்.

நடுவீட்டில் இலை போட்டிருந்தது. விளக்கு, பூ, பச்சைப் பாவாடை எல்லாம் அன்றைக்கு இருந்த மாதிரியே. இந்தத் தடவை யாரும் வெளியே போகவில்லை, கதவையும் சாத்தவில்லை. பாண்டிச்செல்வி பழகிய இடத்தில் உட்காருவதுபோலப் போய் உட்கார்ந்தாள். அக்கா ஒவ்வொன்றாகப் பரிமாறினாள். பரிமாறி முடித்து, குழம்புச் சட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இலைக்கு எதிரே நேராக உட்கார்ந்தாள். அங்கே ஏன் உட்காருகிறாள் என்று நினைத்தேன். நானும் உலகம்மாளும் ஓரமாக நின்றோம். அண்ணன் தூணைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அவள் சாப்பிடுகிற சத்தம் மட்டும் கேட்டது. ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன, அந்தச் சத்தம் ஏனோ உள்ளே வரவில்லை.

"உப்பு?" என்று அக்கா கேட்டாள்.

"தூக்கல்."

அக்கா சிரித்தாள். இன்னொரு கரண்டி ஊற்றினாள். மறுபடி ஊற்றினாள். பிறகு கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டு, சேலையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"போதுமா, கண்ணு?"

பாண்டிச்செல்வி அக்காவையே பார்த்தாள். உலகம்மாள் என் கையைப் பிடித்திருந்த பிடியில் வளையல் என் தோலில் பதிந்தது.

"போதும்மா."

அவள் கை இலைக்குப் போனது. விரல்கள் முதலில் எதிர் ஓரத்தைத் தொட்டன. அதைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தால் முடிந்தது கதை. அக்கா அசையவில்லை, தடுக்கவில்லை. விரல்கள் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்துவிட்டுத் திரும்பி வந்தன. தன் பக்கத்து ஓரத்தைத் தூக்கினாள். எதிர்ப்பக்கமாகத் தள்ளி மடித்தாள்.

பிறகு கையைப் பார்த்தாள், சுற்றிலும் பார்த்தாள்.

"எம்மா," என்றாள். "நீ எப்பம்மா வந்த?"

உலகம்மாள் ஓடிப் போய் அவளைக் கட்டிக்கொண்டாள். அத்தனை நாளாக வராத அழுகை அப்போதுதான் வந்தது. முதுகில் இரண்டு அடியும் வைத்தாள். எச்சிக்கை காயுது, போய்க் கழுவுட்டி என்று அழுதுகொண்டே திட்டினாள். எனக்கும் கண்ணீர் நிற்கவில்லை. சந்தோஷத்தில் யாரைக் கட்டிக்கொள்வது என்று தெரியாமல் அக்கா பக்கம் திரும்பினேன்.

அக்கா இலையின்மேல் இரண்டு கையையும் வைத்து அமர்ந்திருந்தாள். பாண்டிச்செல்வி எதிர்ப்பக்கமாகத்தான் மடித்திருந்தாள். ஆனால் எதிரே உட்கார்ந்திருந்த அக்காவுக்கு அது அவள் பக்கமாக மடிந்திருந்தது. அவள் அந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அக்கா சட்டியில் விரலைவிட்டுக் குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்தாள். காலையிலிருந்து உப்புப் பார்க்காமல் சமைத்தவள்.

"யம்மா, ஷோக்கா கீது," என்றாள். "உப்புதான் தூக்கல்."

குரல் அவளுடையது இல்லை. சின்ன வயசுக் குரல், சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்ன குரல். உலகம்மாள் மகளை இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். நான் அங்கேயே நின்றேன். தாண்டவராயன் அண்ணன் தூணைவிட்டு வந்து மனைவிக்குப் பக்கத்தில் குந்தினார். அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சட்டிக்குள் கிடந்த கரண்டியை எடுத்தார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா, கண்ணு?"

"ஊத்துப்பா," என்றாள் அவள்.

அவர் ஊற்றினார்.